கணினி செய்த செஸ் புதிர் யாருடையது? மல்லாவித் தம்பிக்கு ஒரு பதில்

மல்லாவியில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். போனில் இருக்கும் ஸ்டொக்ஃபிஷ் என்ற செஸ் ஆடும் மென்பொருளை வைத்து 'இரண்டு நகர்வில் மேட்' புதிர்கள் (வெள்ளை தன் இரண்டாவது நகர்வில் கறுப்பு ராஜாவைத் தப்ப முடியாமல் மடக்குவது) சில செய்திருக்கிறார், வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறார், அவர்கள் எல்லாவற்றையும் 'குக்' என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணினி சரி என்று சொன்னது எப்படிப் பிழையாகும், இதற்கென்று வேறு மென்பொருள் இருக்கிறதா, கணினியை வைத்துச் செய்ததை என் பெயரில் அனுப்பலாமா என்று மூன்று கேள்வி. என்னைக் கேட்டால் மூன்றும் ஒன்றுதான்: புதிர் செய்வதில் எந்த வேலையைக் கணினியிடம் கொடுக்கலாம், எதை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்? நான் கிளிநொச்சிப் பக்கம் கணிதம் படிப்பித்தவன், பல வருடங்களாகப் புதிர் செய்கிறேன். கறுப்பு எதிர்க்க எதிர்க்க வெள்ளை மேட் வைக்கும் நேரடி மேட் புதிரும், இரண்டு பக்கமும் சேர்ந்தே மேட் வைக்கும் ஹெல்ப்மேட்டும்தான் எனக்குக் கைவந்தவை. ஆட்ட இறுதி ஸ்டடிகளை, அதாவது காய்கள் குறைந்த நிலையில் வெல்லவோ டிரா செய்யவோ வழி கேட்கும் புதிர்களைப் பற்றிக் கீழே நான் சொல்வதை ஒரு ரசிகனின் பேச்சு என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 'குக்'. ஒரு நேரடி மேட் புதிருக்குச் சரியான முதல் நகர்வு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். நீங்கள் நினைத்த விடையைத் தவிர இன்னொரு முதல் நகர்வாலும் அதே எண்ணிக்கையில் மேட் ஆகுமென்றால் அந்தப் புதிர் செல்லாது, அதைத்தான் குக் என்கிறார்கள். ஸ்டொக்ஃபிஷ் ஆட்டம் ஆடுவதற்காகச் செய்யப்பட்டது. வெல்ல ஒரு வழி கிடைத்ததும் அதற்குத் திருப்தி, 'மேட் 2' என்று காட்டிவிட்டு நிற்கும். இரண்டாவது வழி இருக்கிறதா என்று தேடுவது அதன் வேலையே இல்லை. பல வழிகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றினால் ஓரளவு பார்க்கலாம், ஆனால் கறுப்பின் பதில்களில் மிக நீண்டு தாக்குப்பிடிப்பதைத்தான் அது பொருட்படுத்தும். புதிருக்கு அது போதாது. கறுப்பு என்னென்ன நகர்த்தலாமோ அத்தனைக்கும் வெள்ளை என்ன செய்கிறது என்ற முழு மரமும் நமக்கு வேண்டும், ஏனென்றால் புதிரின் அழகு பெரும்பாலும் அந்தக் கிளைகளில்தான் இருக்கிறது.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம், பலகை இருந்தால் அடுக்கிக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஆட்டக்காரர் பால் மோர்ஃபி செய்ததாகச் சொல்லப்படும் பழைய புதிர் ஒன்று. வெள்ளை ராஜா சி8, கோட்டை ஏ1, சிப்பாய் பி6. கறுப்பு ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. வெள்ளை ஆடி இரண்டாவது நகர்வில் மேட். விடை கோட்டை ஏ6! கோட்டையைச் சும்மா கொடுக்கிறோம். பி7 சிப்பாய் அதை வெட்டினால் நம் சிப்பாய் பி7க்குப் போய் மேட். பிஷப் எங்கே நகர்ந்தாலும் கோட்டை ஏ7ஐ வெட்டி மேட். கோட்டையை ஏ வரிசையில் வேறு எங்கே வைத்தாலும் கறுப்பு ஏ7 சிப்பாயை ஏ6க்குத் தள்ளித் தப்பிவிடும், ஏ6இல் போய் நின்றால்தான் அந்த வழி அடைபடும். ஏழே காய்கள், ஒரே விடை.

இப்போது அந்தக் கோட்டையை எடுத்துவிட்டு ஏ1இல் ராணியை வையுங்கள். ஸ்டொக்ஃபிஷ் அப்போதும் 'மேட் 2' என்றுதான் சொல்லும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ராணி ஏ6 மட்டுமல்ல, ராணி எச்1 என்றாலும் மேட்தான். அங்கிருந்து மூலைக்கோட்டில் பி7ஐக் குறிவைக்கும், கறுப்பு பிஷப் கறுப்புக் கட்டங்களில் ஓடுவது என்பதால் குறுக்கே வந்து மறிக்க முடியாது, கறுப்பு எதைச் செய்தாலும் அடுத்த நகர்வில் ராணி பி7ஐ வெட்டி மேட். புதிர் செத்துவிட்டது. உங்களுடைய புதிர்களுக்கும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும், அதுவும் பலகையில் ராணி இருந்தால் இன்னும் நிச்சயம். பழகும் வரை ராணி இல்லாமல் செய்து பாருங்கள், பாதித் தலையிடி போய்விடும்.

இதற்கென்றே செய்யப்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. முதலில் பெயர் சொல்ல வேண்டியது பொப்பாய். இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது, நேரடி மேட், ஹெல்ப்மேட், வெள்ளை தனக்கே மேட் வைக்கும்படி கறுப்பைக் கட்டாயப்படுத்தும் செல்ஃப்மேட் என்று தொடங்கி வழக்கத்துக்கு மாறான காய்களும் விதிகளும் வரும் ஃபெயரி வகைகள் வரைக்கும் சோதிக்கும். பார்வைக்குக் கரடுமுரடு, காய்களின் இடங்களை எழுத்தாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். அது பிடிக்காவிட்டால் பலகையில் காய் வைத்துப் பொப்பாயை இயக்க ஆலிவ் என்று ஒரு முகப்பு இருக்கிறது. நீண்ட நேரடி மேட்டுகளுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த குஸ்டாவ் நல்லது. பிரெஞ்சுக்காரர் ஒருவரின் வின்குளோய் சோதிப்பானாகவும் பெரிய புதிர்க் களஞ்சியமாகவும் இருக்கிறது, ஆனால் காசு. நமக்குப் பொப்பாய் தாராளமாகப் போதும். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே தேவையில்லை, ஆகவே சிக்னல் தேடி வீட்டுக்கு வெளியே நிற்கிற ஊர்களுக்கும் அது பொருந்தும். பழைய மடிக்கணினியும் காணும்.

ஏன் காணும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வெள்ளைக்கு ஒரு நிலையில் 40 நகர்வு, கறுப்புக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நகர்வு மேட்டுக்கு 40 பெருக்கல் 30 பெருக்கல் 40, அதாவது 48,000 வழிகள், கணினிக்கு இது கண் இமைக்கும் நேரம். மூன்று நகர்வு என்றால் அதை 1,200ஆல் பெருக்க வேண்டும், 5 கோடியே 76 இலட்சம், இதுவும் பயமில்லை. நான்கு நகர்வுக்கு 6,900 கோடியைத் தாண்டும். மென்பொருள் தேவையில்லாத கிளைகளை வெட்டிவிடும் என்பதால் உண்மையில் இவ்வளவையும் பார்க்காது, ஆனால் ஒவ்வொரு நகர்வு கூடும்போதும் வேலை எப்படி வீங்குகிறது என்பது இதில் தெரியும். 1951இல் மான்செஸ்டரில் டீட்ரிக் பிரின்ஸ் என்பவர் ஃபெரன்டி மார்க் 1 கணினிக்கு எழுதிய செஸ் நிரலும் இரண்டு நகர்வு மேட் தேடுவதுதான். முழு ஆட்டம் ஆட அந்த இயந்திரத்துக்குச் சக்தி போதவில்லை. கணினி செஸ்ஸுக்குள் காலடி வைத்ததே நம்முடைய வாசலால் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

பொப்பாய் ஒரு புதிரை முழுதாகச் சோதித்து ஒரே விடை என்று சொன்னால் அதை நம்பலாம். சஞ்சிகைகளில் புதிருக்குக் கீழே 'சி+' என்று போடுவது இதைத்தான். ஆனால் இந்த உறுதிக்குள் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, நீங்கள் தட்டிய நிலையும் அனுப்பிய படமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு சிப்பாய் ஒரு கட்டம் தள்ளிப்போனால் சோதனை வேறு புதிருக்கு நடந்ததாகிவிடும். மற்றது நுட்பமானது. நீண்ட புதிர்களை வேகமாக்க, கறுப்பு ராஜாவுக்குத் தப்பும் கட்டங்கள் இத்தனைக்கு மேல் இருந்தால் பார்க்காதே, மிரட்டல் இத்தனைக்கு மேல் இருந்தால் விடு என்று வரம்பு போட வசதி இருக்கிறது. அதைப் போட்டுச் சோதித்தால் வரும் முடிவு முழுமையானதல்ல, 'சி+' என்று எழுதக் கூடாது. இரண்டு, மூன்று நகர்வுப் புதிருக்கு வரம்பு போடத் தேவையும் இல்லை.

சரி, சோதிப்பது இருக்கட்டும், செய்வதற்கு உதவுமா? உதவும், நான் ஒவ்வொரு புதிருக்கும் பயன்படுத்துகிறேன். மோர்ஃபியின் புதிரிலேயே செய்து பார்க்கலாம். ஒவ்வொரு காயாக எடுத்துவிட்டுச் சோதியுங்கள். கறுப்பு பிஷப்பை எடுத்தால் கோட்டை ஏ7ஐ வெட்டி ஒரே நகர்வில் மேட். பி7 சிப்பாயை எடுத்தால் வெள்ளைச் சிப்பாய் பி7க்குப் போய் ஒரே நகர்வில் மேட். வெள்ளையின் பி6 சிப்பாயை எடுத்தால் விடையே இல்லை. ஏ7 சிப்பாயை எடுத்தால் கறுப்பு ராஜா செக்கில் நிற்க வெள்ளை ஆட வேண்டிவரும், அப்படியொரு நிலை ஆட்டத்தில் வராது. ஆக வேலை இல்லாமல் நிற்கும் காய் ஒன்றும் இல்லை. உங்கள் புதிரில் ஏதாவது காயை எடுத்தபின்னும் அதே விடை அப்படியே நின்றால் அந்தக் காய் அங்கே சும்மா நிற்கிறது, இறக்கிவிடுங்கள். இந்தச் சோதனையைக் கையால் செய்வது அலுப்பு, உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுத்திருந்தால் பைதனில் ஒரு சின்ன நிரல் எழுதிக் காய்களை ஒவ்வொன்றாக எடுக்கவும் பக்கத்துக் கட்டங்களுக்கு நகர்த்தவும் சொல்லலாம். பைதன்-செஸ் என்ற நூலகம் இருக்கிறது, சட்டபூர்வமான நகர்வுகளை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் நகர்த்திப் பார்க்கும்போது ஒரு விஷயம் கவனிப்பீர்கள். அந்தக் கோட்டை ஏ1இல் நின்றாலும், ஏ2, ஏ3, ஏ4, ஏ5இல் நின்றாலும் புதிர் சரிதான், விடை எல்லாவற்றிலும் கோட்டை ஏ6தான். கணினிக்கு இந்த ஐந்தும் ஒன்று. எதை அச்சிடுவது? நான் ஏ1ஐத்தான் எடுப்பேன். ஏ5இல் நிற்கும் கோட்டையை ஒரு கட்டம் முன்னே தள்ளுவதில் என்ன இருக்கிறது, தூரத்தில் நிற்கும் கோட்டை ஓடிவந்து வெட்டுப்படும் இடத்தில் குந்துவதில்தான் சுவை.  இன்னொருவர் வேறொன்றை எடுக்கலாம், அதையும் நான் பிழை என்று சொல்லமாட்டேன். சுளகு பதரைப் புடைத்துத் தரும், எந்த நெல்லை விதைப்பது என்று சொல்லாது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது: எந்த எண்ணத்துக்காக இந்தப் புதிர் என்று தொடங்கியதும், சரியான பலவற்றில் இதுதான் என்று நிறுத்தியதும் நீங்கள் என்றால் புதிர் உங்களுடையது, நடுவில் பொப்பாய் எத்தனை ஆயிரம் நிலைகளைத் தின்றிருந்தாலும் சரி. இன்று புதிர் செய்கிறவர்களில் கணினியில் சோதிக்காமல் அனுப்புகிறவர் அபூர்வம், யாரும் அதைக் களவு என்று நினைப்பதில்லை.

எண்ணம் என்று சொன்னேன், அது என்னவென்றும் சொல்ல வேண்டும். 1845இல் இங்கிலாந்துச் சஞ்சிகை ஒன்றுக்கு இந்தியாவிலிருந்து ஒரு புதிர் போனது, அனுப்பியவர் அங்கே மதகுருவாக இருந்த ஹென்றி லவ்டே. வெள்ளையின் நீள ஓடும் காய் ஒன்று குறிப்பிட்ட ஒரு கட்டத்தைத் தாண்டி அப்பால் போய் நிற்கிறது, அடுத்து வேறொரு வெள்ளைக் காய் அந்தக் கட்டத்தில் வந்து தன் பக்கத்துக் காயையே மறைக்கிறது. பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் மறைத்ததால்தான் நகர வழியில்லாமல் கிடந்த கறுப்பு ராஜாவுக்கு ஒரு கட்டம் திறக்கிறது, ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே நகர்வு எதுவும் இல்லாமல் போய் ஆட்டம் டிரா ஆவது) ஆகாமல் தப்புகிறது, ராஜா அந்தக் கட்டத்துக்கு வந்ததும் மறைத்த காய் விலகி மேட். 'இந்தியன் தீம்' என்ற பெயரில் இன்றும் அதை வைத்துப் புதிர் செய்கிறார்கள். கோடிக்கணக்கான நிலைகளைத் தேடும் இயந்திரத்துக்கு இந்த நிலையும் கையில் சிக்கலாம், ஆனால் 'தன் காயைத் தானே மறைப்பது வேடிக்கையாக இருக்கிறதே' என்று அங்கே நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

இயந்திரமே முழுதாகச் செய்வதும் நடக்கிறது. மலேசியாவைச் சேர்ந்த அஸ்லான் இக்பால் என்ற ஆய்வாளர் செஸ்தெடிக்கா என்று ஒரு மென்பொருள் செய்திருக்கிறார், அது மனிதர் கை படாமலே புதிர்களை உருவாக்குகிறது, அழகுக்கு மதிப்பெண்ணும் போடுகிறது. நான் பார்த்தவை விடை சுத்தமானவைதான், ஆட்டத்தில் திடீரென்று வரும் தந்திரம் போல இருந்தன. ஒரு கிளைக்கும் மற்றக் கிளைக்கும் நடுவில் பேச்சு இருக்க வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்போமே, அது அவற்றில் எனக்குக் கிடைக்கவில்லை. இது ருசியைப் பற்றிய பேச்சு, நிரூபிக்க முடியாது. இன்னும் பத்து வருடத்தில் நிலைமை மாறினால் ஆச்சரியப்படவும் மாட்டேன். பேசும் செயலிகளிடம் 'இரண்டு நகர்வு மேட் ஒன்று செய்து தா' என்று கேட்பது வேறு கதை, அவை எழுத்தில் தடுமாறாமல் பேசிக்கொண்டே பலகையில் இல்லாத காயை நகர்த்தும். கேட்பதில் தவறில்லை, வந்ததைப் பொப்பாயில் போட்டுப் பார்க்காமல் யாருக்கும் காட்டாதீர்கள்.

ஹெல்ப்மேட்டில் கணினியின் கை கொஞ்சம் கூடவே நீளும். அதில் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து கறுப்பு ராஜாவுக்கு மேட் வைக்கிறார்கள், எதிர்ப்பே இல்லை, விடை ஒரு நேர்கோடு. அதனால் இரண்டு தீர்வு, இரண்டிலும் மேட் நிலை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று நிபந்தனை எழுதிக் கணினியைத் தேட விட்டால் விடியும்போது ஒரு பட்டியலே கிடைக்கும். பட்டியலில் தொண்ணூறு சதவீதம் குப்பை என்று எண்ணிக்கொள்ளுங்கள், பொறுக்குவதுதான் வேலை. தொடங்குகிறவர்களுக்கு நான் இந்த வழியைச் சொல்வதில்லை, பொறுக்கத் தெரிய முதலில் கையால் சிலது செய்து தோற்றிருக்க வேண்டும்.

ஆட்ட இறுதியில் ஏழு காய்கள் வரைக்கும் கணினிக்கு எல்லாமே தெரியும், டேபிள்பேஸ் என்ற அட்டவணைகளில் ஒவ்வொரு நிலைக்கும் முடிவு எழுதப்பட்டிருக்கிறது, லீசெஸ் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 2012இல் மாஸ்கோவில் லொமனோசொவ் அட்டவணைகள் கணக்கிடப்பட்டபோது ராணியும் சிப்பாயும் ஒரு பக்கம், கோட்டை, பிஷப், குதிரை மறுபக்கம் என்ற நிலையொன்றில் மேட்டுக்கு 549 நகர்வு வந்தது. அதைப் பார்த்து நான் எதையும் ரசிக்கவில்லை, ஏன் இந்த நகர்வு என்று எனக்கும் புரியாது, வேறு யாருக்கும் புரியும் என்றும் தோன்றவில்லை. அதே அட்டவணையில் வெறும் நான்கு காய் உள்ள நிலையொன்றும் கிடக்கிறது: வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6, கறுப்பு ராஜா ஏ1, கோட்டை டி5. 1895இல் கிளாஸ்கோவில் பார்பியே என்பவர் இதன் ஒரு வடிவத்தை டிரா என்று தன் பத்திரிகைப் பத்தியில் போட்டார். சிப்பாய் ராணியானால் கறுப்பு கோட்டையைப் பலி கொடுத்து ஸ்டேல்மேட் ஆக்கிவிடும், அதனால் டிரா. அந்த ஊரில் இருந்த சாவேத்ரா என்ற பாதிரியார் ராணிக்குப் பதில் கோட்டையாக மாற்று, வெல்லலாம் என்றார். நூறு வருடத்துக்கு மேலாக அந்த ஒரு நகர்வுக்காகவே அந்த நிலையைப் பேசிக்கொண்டிருக்கிறோம். அட்டவணைக்கு இரண்டும் ஒரே மாதிரியான வரிகள்.

எங்கள் காலத்தில் வன்னியில் கரண்ட் கிடையாது, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பலகையை வைத்துக் கறுப்பின் ஒவ்வொரு பதிலையும் கொப்பியில் எழுதிச் சரிபார்ப்போம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, பொப்பாய் அன்றைக்கு எங்கள் கையில் இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்போம். ஒன்று மட்டும் அந்தப் பழக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்: மென்பொருளைத் திறப்பதற்கு முன் புதிரின் எண்ணத்தை ஒரு வரியில் கொப்பியில் எழுதுங்கள். 'கோட்டையைக் கொடுத்து சிப்பாயின் வழியை அடைப்பது' என்பது போல. அந்த வரியை எழுத முடியாவிட்டால் இன்னும் புதிர் இல்லை, ஒரு நிலை மட்டும்தான் இருக்கிறது.

அனுப்புவதற்கு முன் இன்னொரு சோதனை மிச்சம். புதிர் சரியாக இருக்கலாம், ஆனால் வேறொருவர் எண்பது வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாம். காய்கள் குறைவான புதிர்களில் இது அடிக்கடி நடக்கும். ஜெர்மனியில் 1924 முதல் இயங்கும் டி ஷ்வால்பே என்ற புதிர்க்காரர் சங்கத்தோடு சேர்ந்த பிடிபி களஞ்சியத்தில் இலவசமாகத் தேடலாம், காய்களின் இடத்தைக் கொடுத்தால் பழைய புதிர்கள் வரும். அங்கே இல்லை என்பதால் உலகத்திலேயே இல்லை என்றாகாது, ஆனால் தேடிப் பார்த்தவர் என்று ஆசிரியருக்குத் தெரிவது நல்லது. அனுப்பும்போது நிலையோடு முழு விடையையும், முக்கியமான கிளைகளையும், சரிபோலத் தோன்றி ஒரே பதிலில் விழுந்துபோகும் முதல் நகர்வுகளையும், எதில் சோதித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

திரும்பி வந்த புதிர்களின் நிலையை நீங்கள் இங்கே போடவில்லை. போட்டால் பொப்பாயில் ஓட்டி எங்கே இரண்டாவது விடை வருகிறது என்று சொல்கிறேன். பல தடவை ஒரு கறுப்புச் சிப்பாயைச் சேர்த்தோ எல்லாக் காய்களையும் ஒரு வரிசை நகர்த்தியோ காப்பாற்றிவிடலாம். எந்த எண்ணத்தில் செய்தீர்கள் என்ற அந்த ஒரு வரியையும் சேர்த்துப் போடுங்கள், அது இல்லாமல் எதைக் காப்பாற்றுவது என்று எனக்குத் தெரியாது.